அத்தானின் சைலன்சர் வேலை

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு அத்தான். அவருக்கு ஒரே ஒரு கார். அந்தக் காரின் சைலன்சர் துருப்பிடித்து, ஓட்டை விழுந்து, புகையெல்லாம் காருக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது.

சாயந்தரம் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மாமியாரைக் கூட்டி வர வேண்டும். மூச்சுத்திணறலில் பத்து நாள் படுத்திருந்தவள். அவளை அந்தப் புகையில் உட்கார வைக்க முடியுமா? அதனால்தான் அத்தான் மனைவியின் தம்பி காலையிலேயே இரும்பு அறுக்கும் கிரைண்டரோடு அக்கா வீட்டுக்கு வந்து நின்றான்.

"தள்ளிக்குங்க அத்தான். துருப்பிடிச்ச போல்ட்டெல்லாம் ரெண்டே நிமிஷத்துல அறுத்துத் தர்றேன்."

"வேணாம் மாப்ள. அதை ஓரமா வை."

ஜாக்கி போட்டுத் தூக்கிய காருக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. கூடவே, கையால் அறுக்கும் ஆக்ஸா பிளேடின் 'கிர்க்... கிர்க்...'

இரண்டு போல்ட் அறுபட ரெண்டரை மணி நேரம். இதில் குழாயைச் சுற்றி ஈரச் சாக்கு வேறு.

"குழாய்க்கு ஜுரமா அத்தான்? பத்து போட்டிருக்கீங்க?"

அத்தான் சிரித்தார்.

"சுத்தியலால ரெண்டு போடுங்களேன்!"

"எண்ணெய் விட்டிருக்கேன். ஊறட்டும்."

பழைய சைலன்சர் கழன்று விழும் இடத்தில் ஒரு மெத்தையை விரித்தார். தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று சமையலறைக்குப் போனான்.

"அக்கா, குப்பைக்குப் போற இரும்புக்கு மெத்தை விரிக்கிறார் உன் வீட்டுக்காரர்! அங்க அம்மா பையைக் கட்டி வெச்சுக்கிட்டு வாசலையே பார்த்துட்டிருப்பா. தன்னைப் பெத்தவளா இருந்தா இப்படி ஆடி அசைஞ்சு பண்ணுவாரா?"

"மெதுவாப் பேசுடா" என்றாள் அக்கா.

நாலரைக்குப் புது சைலன்சர் ஏறிவிட்டது. அத்தான் வெளியே வந்தார். முகமெல்லாம் துரு, உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

"சரி, ஸ்டார்ட் பண்ணுங்க."

"இங்க வேணாம். தெருமுனை வரைக்கும் தள்ளு."

"நல்லா இருக்கிற காரையா? நல்ல கூத்து அத்தான் இது!"

பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். கார் இன்னும் கேட்டைக்கூடத் தாண்டவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம். மாடியில் குடியிருக்கும் ரயில் டிரைவர், யூனிஃபார்மில், கையில் பையோடு.

அத்தான் முகம் மலர்ந்தது. "எழுந்துட்டீங்களா? மாப்ள, தள்ளினது போதும். இங்கயே ஸ்டார்ட் பண்ணிடலாம்."

தம்பியின் கை அப்படியே காரின் மேல் நின்றது.

"அட, வேலை முடிஞ்சே போச்சா சார்?" டிரைவர் குனிந்து பார்த்தார். "நேத்து ராத்திரியும் எனக்கு வண்டி, இன்னைக்கும் வண்டி. நீங்க சைலன்சர் மாத்தப் போறீங்கன்னு தெரிஞ்சதும், எங்கயாவது போய்ப் படுத்துக்கலாம்னு தலகாணியெல்லாம் எடுத்து வெச்சேன். ஆனா ஒரு சத்தமும் கேக்கலையே! எட்டு மணி நேரம், அடிச்சுப் போட்ட மாதிரி இங்கயே தூங்கியிருக்கேன்!"

சொல்லிவிட்டு, ஆயிரம் பேரோடு விடிய விடிய ஓட வேண்டிய தன் ரயிலை நோக்கி அவர் நடந்தார்.