பெரியம்மாளின் மடி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கடலோரக் கோட்டையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கோட்டைக்குள் கரண்டு கேபிள் புதைக்க ரிஷிவந்தியம் ஊரிலிருந்து வந்த கூலி ஆட்கள் பள்ளம் தோண்டினார்கள். பழைய பொருள் எதுவும் களவு போகாமல் பார்ப்பது தொல்லியல் துறை அம்சவள்ளியின் வேலை. மண்ணில் மனித எலும்புகள் தென்பட்ட நாள் முதல், கூலிக்காரி பெரியம்மாள் மடியைப் பொத்திக்கொண்டே குனிந்தாள். சாயங்காலம் வாசலில் சோதித்தால் மடி காலி.

"மதிலுக்கு அந்தாண்ட யாருக்கோ குடுத்துக்கினு இருக்குது மேடம்," என்றான் மேஸ்திரி சடையன். "இன்னா ஏதுன்னு பாக்காதீங்க, ஊருக்கு அனுப்பிடுங்க."

மறுநாள் அம்சவள்ளி பள்ளத்தில் இறங்கிப் பெரியம்மாளின் கையைப் பிடித்தாள். "எடுத்ததக் காட்டும்மா. இல்லன்னா வேலை கிடையாது."

"எடுக்கலங்க, போடத்தான் வந்தேன்." பெரியம்மாள் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பச்சரிசி. "யாரு பெத்த புள்ளைங்களோ, வாய்க்கரிசி போட ஆளில்லாம கெடக்குதுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு புடி போட்டு மண்ணத் தள்ளிடுவேன்."

அம்சவள்ளி கையை விட்டாள்.

"உள்ள போட்டா பழைய மண்ணோட கலந்து ஆராய்ச்சி கெட்டுடும்மா. பள்ளத்துக் கரையில போடலாம், வா." மேலே ஏறியதும் தானும் ஒரு பிடிக்குக் கை நீட்டினாள்.

உங்கள் வீட்டு அரிசியெல்லாம் சோறாகவே பொங்கட்டும், கண்ணுகளா.