ஏழாவது குச்சி

அம்மாவுக்கு ஒரு மாதமாகக் கை நடுங்கியது. பார்கின்சன் வருவதற்கு முன்பே வாசனை தெரியாமல் போகலாம் என்று சொல்லி, டாக்டர் சோதனைக்கு அனுப்பினார்.

தாதி நிரஞ்சனா பன்னிரண்டு வாசனைக் குச்சிகளை ஒவ்வொன்றாக நீட்டினார். காப்பி, எலுமிச்சை, கிராம்பு என்று அம்மா சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாவதை நீட்டியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"மோந்து பாருங்க ஆன்ட்டி."

"மாட்டேன் லா. மல்லிப்பூ, சாமிக்குப் போறது."

அம்மா பஃபலோ ரோட்டுப் பூக்கடையில் இருபது வருடமாக மாலை கட்டுகிறார். ஒரு பூவையும் முகர்ந்ததில்லை.

நிரஞ்சனா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அது வெறுங்குச்சி. ஒரு வாசனையும் கிடையாது. அதைக் கணக்குல சேர்க்க மாட்டோம்."

மற்ற பதினொன்றும் சரி. டாக்டர் வந்து எல்லா முடிவுகளையும் பார்த்தார். பார்கின்சன் இல்லை, அம்மா எடுக்கும் ஆஸ்துமா மருந்தால் வந்த நடுக்கம், மாற்றினால் போதும் என்றார். அந்த ஒரு மாதத்தில் அன்றுதான் எனக்கு நன்றாகப் பசித்தது.

நாங்கள் வெளியேறும்போது ரகுபதி உள்ளே நுழைந்தார். இரண்டு வருடமாக எந்த வாசனையும் தெரியவில்லை என்று காத்திருந்தபோது எங்களிடம் சொன்னவர். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு இங்க மல்லிப்பூ வச்சது?"

அம்மா திரும்பிப் பார்த்து அதட்டினார்.

"அண்ணே, மோந்து பாக்காதீங்க."