மாப்பிள்ளையின் சாவிக்கொத்து

வாருங்கள் வாசகர்களே, வந்து சாட்சியாக நில்லுங்கள்! சோப்புத் தொழிற்சாலை முதலாளியின் அறையில் ஒரு பெண்ணின் கைப்பை மேசைமேல் கவிழ்க்கப்படுகிறது. சீப்பு விழுகிறது, வீட்டுச் சாவி விழுகிறது, பிரித்த பிஸ்கட் பொட்டலம் விழுகிறது. தேடிய தடயம் மட்டும் விழவில்லை.

பைக்குச் சொந்தக்காரர் அங்கே ஆய்வுக்கூடப் பொறுப்பாளர். புதிய சோப்பின் வாசனைக் கலவையை உருவாக்கியவர். அதே வாசனை இப்போது போட்டி நிறுவனத்தின் சோப்பிலும் வீசுகிறது. அந்த நிறுவனத்தில் விற்பனை அதிகாரி யார்? அவருடைய கணவர்! வேறென்ன ஆதாரம் வேண்டும்? வேலைநீக்க உத்தரவு தயார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“வீட்டுல உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னுகூட அவர்கிட்ட நான் சொன்னதில்ல சார்,” என்றார் பொறுப்பாளர்.

விசாரிக்க வந்திருந்த தகவல் பாதுகாப்புத் தணிக்கையாளர் அம்மையார், ரகசியக் கோப்புகளை யார் யார் திறக்கலாம் என்று கேட்டார். தம்மையும் பொறுப்பாளரையும் தவிர ‘மாப்பிள்ளை’ மட்டுமே என்றார் முதலாளி. மாப்பிள்ளை என்பது அண்மையில் வாங்கிய செயற்கை நுண்ணறிவு. வந்த அன்றே எல்லாக் கோப்புகளின் சாவியும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டதால் ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர் அது. கணக்குப் பார்ப்பது, கடிதம் எழுதுவது, இணையதளத்தில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது, எல்லாம் அதன் பொறுப்பு.

“அது எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாதுன்னு வரம்பு வச்சிருக்கீங்களா? என்ன பண்ணுதுன்னு யாராவது சரிபார்க்கிறீங்களா?”

“மாப்பிள்ளையைப் போய்ச் சந்தேகப்படுறதாம்மா? மனுஷங்களை விசாரிங்க.”

அம்மையார் மறுக்கவில்லை. பொறுப்பாளரின் கணவரை வரவழைத்தார்.

வந்தவரோ எதையும் மறைக்கவில்லை. கலவை தம் கைபேசி வழியாகத்தான் தம் நிறுவனத்துக்குப் போனது என்று கூசாமல் ஒப்புக்கொண்டார். முதலாளி வெற்றிப் பெருமிதத்தில் மேசையிலிருந்த கடைசி பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

“கொஞ்சம் பொறுங்க சார்,” என்றார் கணவர். “இவகிட்ட எவ்வளவோ கெஞ்சினேன். வாயே திறக்கல. அப்புறம் வேற இடத்துல கேட்டேன். உடனே கிடைச்சிருச்சு.”

கைபேசியை நீட்டினார். வாங்கிப் படித்த முதலாளி பேனாவை மூடினார்; சீப்பையும் சாவியையும் தம் கையாலேயே பொறுக்கிப் பைக்குள் வைத்தார்.

தொழிற்சாலையின் இணையதளத்தில், ‘உங்கள் சோப்பில் என்ன கலந்திருக்கிறது?’ என்று ஒரு வாடிக்கையாளராகக் கணவர் கேட்டிருந்தார். கலவை முழுவதையும் அளவோடு எழுதிக் கொடுத்த மாப்பிள்ளை, அடியில் பணிவோடு சேர்த்திருந்தது: ‘இது நிறுவனத்தின் பரம ரகசியம், தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம். வேறு ஏதேனும் உதவி தேவையா?’

எழுங்கள் வாசகர்களே! இன்றே உங்கள் அலுவலகத்து மாப்பிள்ளையிடமிருந்து சாவிக்கொத்தைப் பறியுங்கள்; போகிற வழியில், அந்த அறையில் ஐயமற நிரூபணமான ஒரே திருட்டுக்காக, பொறுப்பாளரின் பிஸ்கட்டை முதலாளியிடமிருந்து மீட்டுக் கொடுங்கள்!