நாளைக்குக் கிரேன் வருது

"ஏனுங்க்ணா, இது டீக்கடையா, மெட்ரோ ஆபீசா?"

வடைச் சட்டியில் கரண்டியை ஆட்டியபடியே சித்ரா கேட்டாள். சண்முகவேல் திரும்பக்கூட இல்லை. ரோட்டை மறைத்து நிறுத்தியிருந்த நீலத் தகரங்களுக்கு நடுவே ஓர் இடுக்கு. அதில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் போடாத அம்மிணி. தூணுக்குக் கம்பி கட்டறாங்க."

சேலத்துக்குள் ஓடப்போகிற லைட் மெட்ரோ ரயிலுக்கு அந்தத் தெருமுனையில்தான் தூண் எழும்பிக்கொண்டிருந்தது. தகரம் வைத்த அன்றைக்கே சித்ராவின் கடை ரோட்டிலிருந்து காணாமல் போனது. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களுக்கு அங்கே ஒரு கடை இருப்பதே தெரியவில்லை. வாங்கின பால் மிஞ்சியது. போட்ட வடை நமுத்துப்போனது. கடையைக் காலி செய்துவிட்டு மல்லசமுத்திரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சண்முகவேல் வந்து சேர்ந்தார். ரிக் லாரியோடு ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டுவிட்டு, இப்போது வீட்டோடு இருப்பவர். காலையில் வந்து ஒரே ஒரு டீ குடிப்பார். அப்புறம் ஸ்டூலை விட்டு அசையமாட்டார். வேடிக்கை பார்ப்பதோடு விட்டாலும் பரவாயில்லை. போகிறவர் வருகிறவரையெல்லாம் கைதட்டிக் கூப்பிடுவார்.

"ஏப்பா, நாளைக்குக் கிரேன் வருது! எட்டு மாடி ஒசரமாம். பாலத்தை அப்படியே தூக்கித் தூண் மேல வைக்கப்போறான். பொறந்ததுல இருந்து இப்படி ஒண்ணைப் பாத்திருப்பியா நீ?"

மறுநாள் கூட்டம் சேரும். கிரேன் வராது.

"என்னுங்க, வரும்னு சொன்னீங்க?"

"ஓமலூர்கிட்ட நிக்குதாம்பா. டயர் பஞ்சர். நாளைக்குக் கண்டிப்பா வந்துரும்."

அந்த 'நாளைக்கு' மட்டும் வந்தபாடில்லை. ஆனாலும் ஜனங்கள் வந்தார்கள். எந்தத் தூண் உயரம், ஸ்டேஷனுக்குப் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று மணிக்கணக்கில் வாதம் பண்ணினார்கள். வியாபாரமும் மெல்ல எழுந்து உட்கார்ந்தது.

"தக்காளிச் சட்னியை மாத்துனேன்ல? அதான்" என்று புருஷனிடம் பெருமையடித்துக்கொண்டாள் சித்ரா. சண்முகவேல் மேல்தான் அவளுக்குக் கோபம் தீரவில்லை. கூட்ட நேரத்தில் ஒரு ஸ்டூலை வளைத்துக்கொள்கிறார். வாயைத் திறந்தால் பொய்!

ஒரு வியாழக்கிழமை, காலேஜ் வாத்தியார் ஒருத்தர் உட்கார இடமில்லாமல் திரும்பிப் போனார். அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க்ணா, வேலைவெட்டி இல்லைன்னா ஊட்ல இருந்து பொழுதைப் போக்கலாமில்லீங்க? வராத கிரேனை வருது வருதுன்னு சொல்லி ஊரையே ஏமாத்தறீங்க. இங்க உக்கார எடமில்லாம ஆளுங்க திரும்பிப் போறாங்க. நான் கடை நடத்தறதா வேண்டாமா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சண்முகவேலுக்குக் கோபம் வரவில்லை. தலையைத் திருப்பிக் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, ஆமா! உக்கார எடமே இல்லையே அம்மிணி!"

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவர் இல்லாத நாளாகப் பார்த்து, நிஜமாகவே கிரேன் வந்து நின்றது. இடுக்குக்கு இடுக்கு ஜனங்கள் முட்டி மோதினார்கள். ஒரே விசில் சத்தம்.

சித்ராவுக்கு மனசு உறுத்தியது. பாவம், இதைப் பார்க்கத்தானே அந்த மனுஷன் இங்கேயே பழியாகக் கிடந்தார்? புருஷனைக் கல்லாவில் உட்காரவைத்தாள். சூடாக நாலு வடையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, விசாரித்து விசாரித்து அவர் வீட்டுக்கு ஓடினாள்.

தெருக்கோடியில் மூன்று மாடி வீடு. கதவைத் திறந்தது அவர் மனைவி சென்னியம்மாள்.

"அண்ணனைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேனுங்க்கா. கிரேன் வந்துருச்சு. நான்தான் அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டேன்..."

"அதுக்கென்ன சாமி, மேல வா. அங்கிருந்தே பாக்கலாம்."

மொட்டை மாடியில் கால் வைத்ததும் சித்ரா அசந்துபோனாள். மொத்த வேலையும் கண் முன்னால் விரிந்து கிடந்தது. வரிசையாகத் தூண்கள், மஞ்சள் கிரேன், அந்தரத்தில் மெல்ல நகர்கிற பாலத்துண்டு. பார்த்து ரசிக்கத் தோதாக, கீற்று நிழலில் ஒரு சாய்வு நாற்காலி வேறு கிடந்தது. அதில் யாருமில்லை.

"இங்கிருந்தே இவ்வளவு நல்லாத் தெரியுதே! அப்புறம் ஏனுங்க்கா அண்ணன் எங்க கடைக்கு வந்து இடுக்குல பாத்துட்டிருந்தாரு? இப்ப எங்க போயிருக்காரு?"

சென்னியம்மாள் கீழே கை காட்டினாள். தகரம் முடிகிற மறுகோடியில், தூசி படிந்த ஒரு சலூன் வாசலில் சண்முகவேல் உட்கார்ந்திருந்தார். போகிறவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் அதற்குள் ஏழெட்டுப் பேர்.

சென்னியம்மாள் சிரித்தாள்.

"உன்ற கடையிலதான் உக்கார எடமில்லாமப் போயிருச்சாமே சாமி! அந்தச் சலூன்லதான் இன்னும் நாற்காலி காலியாக் கெடக்குதாம்."