மூடி மாறிய ஷாம்பு

"நல்லா நுரை வந்துச்சுங்க," என்றான்.

குளியலறை வாசலில் நின்று துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான்.

அவள் தலையாட்டினாள். அவன் எல்லாவற்றையும் நல்லது என்றுதான் சொல்வான். மணமாகி வந்த நாளிலிருந்து வேறு சொல் அவன் வாயில் வந்து அவள் கேட்டதில்லை.

அவனுக்கு என்ன பிடிக்கும் என்று இன்னும் தெரியவில்லை. என்ன பிடிக்காது என்றும்.

ஆனால் இந்த ஷாம்பு அவள் செய்தது.

கடை ஷாம்பு போட்டால் அவன் தலை சிவந்துவிடும். தூக்கத்தில் சொறிவான். காலையில் தலையணை உறையில் ரத்தப் புள்ளிகள் இருக்கும்.

அவள் வேலை பார்ப்பது ஒரு ஷாம்பு கம்பெனியின் ஆய்வகத்தில். மதிய இடைவேளைகளில் அவனுக்காகவே இதைக் கலக்கினாள். வாசனை சேர்க்கவில்லை. நிறம் சேர்க்கவில்லை. நுரைக்குக் கோகோ குளுக்கோசைடு மட்டும். தேங்காய் எண்ணெயிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் செய்வது. தோலிடம் மென்மையாக நடந்துகொள்வது.

"எரிஞ்சுதுங்களா?"

"துளிகூட இல்லீங்க. பாலு மாதிரி பொங்குது."

மனம் நிறைந்து கைப்பையைத் திறந்தாள். உள்ளே இன்னொரு பாட்டில் இருந்தது. குளுக்கோசைடு சேர்க்காத வெறும் கூழ். ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்தது.

பேருந்துக் குலுக்கலில் அதன் கழுத்துவரை நுரை ஏறியிருந்தது.

வெறும் கூழில் நுரை வராது.

மூடியைப் பார்த்தாள். 'வெறும் கூழ்'. அவள் கையெழுத்துதான். பாட்டில் ஈரமாக இருந்ததால் மூடியில் எழுதியிருந்தாள். பெயரை மூடியில் எழுதாதே என்பது ஆய்வகத்தில் முதல் நாளே சொல்லித்தருவது.

மூடிகள் மாறிவிட்டன.

அவன் தலைக்குப் போட்டதுதான் கூழ்.

நிமிர்ந்து பார்த்தாள். அவன் முடி கொத்துக்கொத்தாக ஒட்டி நின்றது.

"வந்து உக்காருங்க. இன்னொருக்கா குளிக்கணும்."

"இப்பத்தானுங்களே..."

"அதுல நுரையே வராதுங்க. பாட்டில் மாறிப்போச்சு."

துண்டு அப்படியே நின்றது. அவன் காது மடல்கள் சிவந்தன.

குளியலறையில் முக்காலி போட்டு உட்கார வைத்தாள். சரியான பாட்டிலைச் சாய்த்தாள். விரல்களுக்கிடையே நுரை மெல்ல எழுந்தது.

"கண்ண மூடிக்குங்க."

இது கண்ணை அவ்வளவாக எரிக்காது. அதை அவள் சொல்லவில்லை.

விரல் நுனியில் காய்ந்த புண்கள் தட்டுப்பட்டன. அவற்றைச் சுற்றிப் போனாள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க வெளியவே ஆசையா நின்னுட்டிருந்தீங்க."

நுரை அவன் நெற்றியில் இறங்கியது. அவன் கண்களை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

பிறகு, "காபி," என்றான்.

"என்ன காபி?"

"எனக்குக் காபி ஆகாதுங்க. டீதான்."

காலையிலும் மாலையிலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, நல்லா இருக்குங்க என்று டம்ளரை நீட்டியவன்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாளியில் சொம்பை முக்கி எடுத்தாள்.

ஊற்றவில்லை.

"அப்புறம்?" என்றாள்.