கொள்ளி வைப்பவர்

அப்பாவைத் தகன மேடையில் கிடத்தியாகிவிட்டது. கொள்ளி வைக்க வேண்டிய தம்பி எழிலரசன் மட்டும் பக்கத்தில் வராமல், ஈர வேட்டியோடு மேடையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான்.

ஒருவர் பாஸாகாமல் விட்டுப்போன பாடம், அவருக்குக் கொள்ளி வைப்பவரின் பெயரில் அரியராக ஏறிவிடும். அப்பா கல்லூரியில் கணிதத்தைக் கடைசிவரை முடிக்கவில்லை. இன்னும் ஓர் அரியர் விழுந்தால் எழிலைக் கல்லூரியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதே கல்லூரியில் படிக்கும் எனக்கும் அதே நிலைமைதான்.

"சீக்கிரம் ஆகட்டுங்க. வெளிய இன்னொரு பாடி காத்திருக்கு" என்றார் மயான ஊழியர்.

பெரியப்பா என்னிடம் வந்தார். "நீயே வச்சிடும்மா தமயந்தி. காலம் மாறிப்போச்சு. இதுல ஆணென்ன, பொண்ணென்ன?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போன வருஷம் அம்மாவுக்கு நான் வைக்கறேன்னு அழுதேனே பெரியப்பா. பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு வரக் கூடாதுன்னு வாசல்லயே நிறுத்துனீங்களே?"

அவர் கொள்ளியை என் கையில் திணித்தார்.

"உங்கம்மாவுக்கு ஒரு அரியர்கூட இல்லியேம்மா."