இரண்டு அங்குலம் மூன்று நூல்

நாமகிரிப்பேட்டையில் மரப்பட்டறை வைத்திருந்த ராசப்பன், காய்ச்சலில் இறந்துபோன தன் மூன்று வயது மகளின் சிரித்த முகத்தையும் உருவத்தையும் ஒரு தேக்குப் பலகையில் செதுக்கினார். கதவுப் பலகைகளுக்கான அதே அச்சில் அதையும் பொருத்தி, இயந்திரத்தில் ஓரம் சீவினார். சரியாக இரண்டடி உயரம். சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினார். அது 1979 மாசி.

அடுத்த மாசியில் சட்டம் பிளந்தது. பலகையை அளந்தார். இரண்டு அங்குலம் மூன்று நூல் கூடியிருந்தது. அதே மரத்தில் அறுத்த மற்ற பலகைகளில் ஒரு நூல்கூடக் கூடவில்லை.

"சீவி உட்டரட்டுமா?" என்று மனைவி சௌந்திரத்திடம் கேட்டார்.

"வேண்டாமுங்க. வளர்ற புள்ள. சட்டத்தப் பெருசாப் போடுங்க."

ஒவ்வொரு மாசியும் புதுச் சட்டம் போட்டார். நான்காவது சட்டத்தை மாட்டிய காலையில் சௌந்திரம் பலகையருகே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, பல்லு உழுந்திருச்சுங்க."

செதுக்கிய சிரிப்பில் முன்பல் ஒன்று இல்லை. ராசப்பன் மண்டியிட்டுத் தேடினார். சுவரோரம் அரிசி அளவில் ஒரு தேக்குத் துணுக்கு கிடந்தது. சௌந்திரம் அதைச் சாணியில் பொதிந்து, வாசலில் இறங்கி, ஓட்டின்மேல் எறிந்தாள்.